தக்காளி அமுக்கும் கையும் ஒரு பவளமும்

இன்று பாலக்கோட்டில் நண்பர் அன்வர் வீட்டுக்குப் போயிருந்தேன். தக்காளி மண்டி வைத்திருப்பவர். கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்து மென்பவளம் என்ற கடல் உயிரியை வளர்க்கிறார். பூப்போல விரிய வேண்டியது, நான்கு நாளாகச் சுருங்கியே கிடக்கிறதாம்.

உப்பு, சூடு, வெளிச்சம் எல்லாம் அளந்து பார்த்துவிட்டார். குறை ஒன்றும் தெரியவில்லை.

"இது செத்துட்டா தொட்டியையே வித்துடுவேங்க" என்றபடி தண்ணீரில் கைவிட்டுப் பவளத்தை மெல்ல அமுக்கினார்.

"இப்படி எத்தனை தடவை?" என்று கேட்டேன்.

"மணிக்கு ஒரு தடவை" என்றார் அவர் மனைவி. "மண்டியில தக்காளி அமுக்கற கை சும்மா இருக்குமாங்க? தொட்டா சுருங்குதுன்னு சொன்னா கேட்டாத்தானே!"

இன்று முழுக்கத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாலையில் ஃபோன். "முழுசா விரிஞ்சிருச்சுங்க! உசுரு இருக்குதான்னு ஒரே ஒருக்கா அமுக்கிப் பாத்துக்கட்டுமா?"

அந்தக் கையைக் கட்டிப்போட வழி தெரிந்தவர்கள் கீழே எழுதலாம்.