குருவம்மாள் சண்டை போடாத மாசம்

ஆமத்தூருக்கு அடுத்த ஊரில் எட்டு நாளைக்கொரு தடவைதான் தெருக்குழாயில் தண்ணீர் வரும். அதுவும் ஊரே பட்டாசுக் கம்பெனிக்குப் போன பிறகு, பகல் பதினோரு மணிக்கு. பதினாலு வீட்டுக் குடங்களையும் வரிசை போட்டு நிரப்பி வைக்கிற பொறுப்பு குருவம்மாளுடையது. யாரும் கொடுத்ததில்லை. கம்பெனியில் பட்டாசுக்குத் திரி வைத்து வைத்துக் கண் மங்கி வீட்டோடு நின்றபோது தானாக எடுத்துக்கொண்டாள். பிடித்த தண்ணீரைவிடப் போட்ட சண்டை அதிகம்.

நிரந்தர எதிரி, எதிர்வீட்டு வள்ளித்தாய். எண்பத்து மூணு பஞ்சத்தில் வரிசையில் முதலாவதாக இருந்த குருவம்மாளின் பித்தளைக் குடத்தை நகட்டிவிட்டுத் தன் குடத்தை வைத்தாள் என்பது வழக்கு. இருபத்து நாலு வருசமாக வள்ளித்தாய் மறுத்து வந்தாள். நகட்டியது அவள்தான்.

இரண்டாயிரத்து ஏழில் வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. அடுத்த மாசத்தில் குருவம்மாளின் சத்தம் நின்றது. கிழவி திருந்திவிட்டாள் என்று தெரு சந்தோசப்பட்டது. ஆத்தாளுக்கு ஒருவழியாக ஓய்வு கிடைத்ததென்று மகன் பாண்டிராஜுக்குப் பெருமை. தீபாவளி சீசன், விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி இருட்டித்தான் திரும்புவான். வைத்த சோறு பாதி அப்படியே கிடந்தால், வயசானால் பசி குறையும்தானே என்று கழுவி வைத்துவிடுவான்.

வள்ளித்தாய்க்குத்தான் உறுத்தியது. பாசமெல்லாம் இல்லை. காலையில் ரெண்டு சாடைப் பேச்சு விழாமல் அவளுக்குக் காப்பி இறங்காது. வேண்டுமென்றே கழுநீரை எதிர்வாசலில் கொட்டிப் பார்த்தாள். பதில் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால், குருவம்மாள் தலைக்கு எண்ணெய்கூட வைக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ராத்திரியும் தூக்கமில்லை, பகலிலும் இல்லை என்றாள்.

வள்ளித்தாய் கடைசி ஆயுதத்தை எடுத்தாள்.

"ஏ குருவு, அந்தக் குடத்தை நாந்தான் நகட்டுனேன்."

"போகட்டும் விடு வள்ளி. இனி அதெல்லாம் எதுக்கு."



அன்று சாயங்காலம் வள்ளித்தாய் பஸ் நிற்கிற இடத்திலேயே பாண்டிராஜை மறித்தாள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். லோடு ஏத்தணும், சீசன் முடியட்டும் அத்தை என்று அவன் சிரித்தான்.

"ஏலே, உங்காத்தா என்னை மன்னிச்சுட்டாளே. அவ மன்னிக்கிற ஆளா?"

அவன் சிரிப்பு நின்றது. மறுநாள் லீவு போட்டான்.

டாக்டர் தூக்கம், பசி எல்லாம் விசாரித்தார். எதுக்கு இன்னும் இருக்கணும்னு தோணுது என்று குருவம்மாள் சொன்னதை மகன் அங்கேதான் முதன்முதலாகக் கேட்டான். இது வயசு இல்லை, மனச்சோர்வு என்கிற நோய். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், தனியாக விடாதீர்கள் என்றார் டாக்டர். பகலில் ஊரில் இருக்கிற ஆள் வள்ளித்தாய்தான். அதனால் மத்தியானம் சோறு போட்டு மாத்திரை கொடுக்கும் வேலை எதிரிக்கு வந்தது. கூடவே ஒரு முறம் மிளகாய் வத்தலையும் கொண்டுபோய்க் காம்பு கிள்ள உட்கார்ந்துகொள்வாள். குருவம்மாள் முதல் வாரம் தொடவில்லை. அப்புறம் ஒன்றிரண்டு கிள்ளினாள்.

ஏழாவது வாரம் ஒரு நாள், மாத்திரையை விழுங்கிவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"குடத்தை நகட்டுனேன்னு அன்னைக்கு ஒத்துக்கிட்டேல்ல?"

வள்ளித்தாய் முறத்திலிருந்து தலை நிமிரவில்லை. "நான் எப்பச் சொன்னேன்?"

"இங்கன நின்னுதானே சொன்ன."

"உனக்குக் கண்ணுதான் மங்கலுன்னு நெனச்சேன். காதும் போச்சா?"

குருவம்மாள் டம்ளரை ணங்கென்று வைத்தாள். குரல் பழையபடி தெருமுனை வரைக்கும் எட்டவில்லை. எதிர்வீடு வரைக்கும் எட்டியது.