மகாதேவன் கூட்டிய பவர்

தென்காசியில் இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற மகாதேவன், ஹாம் ரேடியோ உரிமம் வாங்கியதிலிருந்து தெருக்காரர்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். உலகத்தோடு பேசப்போகிறவருக்குத் தெரு எதற்கு? ஆனால் உலகம் என்னவோ பக்கத்து ஊரான கடையத்தோடு நின்றுவிட்டது. அங்கே உரக்கடை வைத்திருக்கும் துல்கர்னைன் ஒருவர்தான் தவறாமல் பதில் சொன்னார்.

குறை தன்னிடம் இருக்க வாய்ப்பே இல்லை, ரேடியோ செட்டில்தான் என்று மகாதேவன் முடிவுகட்டினார். உள்ளே இருக்கும் குட்டித் திருகைத் திருப்பினால் பவர் கூடும் என்று ஒரு வீடியோ சொன்னது. பக்கத்து வீட்டு சுகிர்தம் டீச்சரின் மகள் ஜெஸிக்கு நிச்சயதார்த்தம் நடந்த அன்று அதற்கு வேளை வாய்த்தது.

"எனக்கு முட்டு வலிக்கு. நீ போயிட்டு வா" என்று மனைவி வடிவாம்பாளை அனுப்பிவிட்டு, செட்டைச் சாப்பாட்டு மேசையில் பிரித்தார். வீடியோக்காரன் போதும் என்ற இடத்தையும் தாண்டித் திருகினார். மீட்டர் முள் எகிறியது. மைக்கை எடுத்தார்.

"துல்கர்னைன், எப்படிவே கேக்குது?"

"பக்கத்துல இருந்து பேசுத மாதிரி இருக்கு சார்."

பக்கத்திலும் கேட்டது. சுகிர்தம் வீட்டு வாடகை ஸ்பீக்கரில், போதகர் ஜெபத்துக்குக் கண்ணை மூடிய நேரத்தில், மகாதேவனின் குரல் கணீரென்று வந்தது.

"முட்டுவலின்னு சொல்லித் தப்பிச்சுட்டேன்வே. அந்த மாப்பிள்ளை படிச்ச படிப்புக்கு எங்க காலேஜுல வாட்ச்மேன் வேலைகூடக் குடுக்கமாட்டாவ. வீட்டுக்காரி போயிருக்கா. அவ சமையல்தான் வாயில வைக்க முடியாது. அங்கனயாவது வாய்க்கு ருசியாத் தின்னுட்டு வரட்டும்."

மேலும் பேசியிருப்பார். செட்டிலிருந்து புகை கிளம்பி அவர் வாயை அடைத்தது.

சற்று நேரத்தில் சுகிர்தம் வாசலில் வந்து நின்றாள். "அண்ணாச்சி, ஜெபம் முடிஞ்சிட்டு. சாப்பிட வாங்க."

"முட்டுவலி டீச்சர்..."

"ஸ்பீக்கர்ல சொன்னியள்லா. எல்லாரும் கேட்டோம்."

போகாமல் தீரவில்லை. நொண்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி நொண்டிக்கொண்டு போனார். மாப்பிள்ளையே எழுந்து வந்து நாற்காலி போட்டு, "உக்காருங்க சார், முட்டு வலியப் பாத்துக்கிடுங்க" என்றான். பந்தியில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வடிவாம்பாள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "இனிமே ருசியா வேணும்னா கடையத்துல கேட்டுக்கிடுங்க."

அடுப்படி விளக்கு அணைந்தது. மகாதேவன் மாடிக்குப் போய் செல்போனில் துல்கர்னைனை அழைத்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணுவே, பவர் கூடியிருக்கு பாத்தீரா" என்றார்.