பம்ப் ஹவுஸில் உட்காராத மனிதர்

கல்கத்தாவின் கிடர்பூரில் ஆற்றை ஒட்டியிருக்கும் அந்தச் சின்னக் கப்பல் பட்டறையில் பன்னீர்செல்வத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: இன்ஜின் ஓடும்போது அவர் உட்கார மாட்டார். மூன்று மணி நேரம் ஓடினாலும் சரி, மழைக்காலத்தில் பகல் முழுக்க ஓடினாலும் சரி, அதன் இடது பக்கத்தில், காற்றுக் குழாய்க்குப் பக்கத்தில், ஒரு கையைத் தூக்கி அதன்மேல் வைத்தபடி நிற்பார். சாப்பாடும் நின்றுகொண்டேதான்.

அதைப் பக்தி என்று எல்லோரும் நினைத்தார்கள். பட்டறையின் மேற்பார்வையாளர் சௌந்தரராஜன் வருகிறவர்களுக்கெல்லாம் அவரைக் காட்டுவார். "பாருங்கோ, கோயில்ல குருக்கள்கூட இப்படி நிக்கமாட்டார்." பன்னீர்செல்வம் சிரித்து வைப்பார். குழாயின் மேலிருக்கும் கையை மட்டும் எடுக்க மாட்டார்.

அது பக்தி இல்லை, பயம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் பிடித்தது, இருபது வருஷத்துக்கு மேலாகியும் விடவில்லை.

அவருடைய அப்பா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து துறைமுகக் கேட்டுக்கு வெளியே இட்லிக்கடை போட்டவர். கடையில் நெருப்போடு பழகிய பிள்ளைதான் பன்னீர்செல்வம். கொதிக்கிற எண்ணெயில் வடை தட்டிப் போடும்போது கை நடுங்கியதில்லை. ஆனால் 'அமெரிக்கன்' கிளம்பி ஊளையிடும் அந்த முதல் நொடியில் அவர் கண் இன்றைக்கும் ஒருமுறை வெளியே போகிற வழியைத் தேடும்.

அமெரிக்கன் என்பது இன்ஜினுக்குப் பட்டறை வைத்த பெயர். உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் பட்டாளம் கல்கத்தாவில் விட்டுவிட்டுப் போன சாமான்களோடு ஏலத்தில் வந்தது என்பார்கள். பழைய டூ ஸ்ட்ரோக் டீசல். பட்டறையில் பழுது பார்க்க வரும் படகுகள் ஒரு பெரிய தொட்டிக்குள் மிதந்து வந்து நிற்கும். கதவை மூடித் தண்ணீரை இறைத்துவிட்டால் படகு கட்டைகளின் மேல் உட்காரும், அடிப்பகுதியில் வேலை செய்யலாம். இறைக்கிற பம்பை ஓட்டுவது அமெரிக்கன்தான். மின்சார பம்பும் ஒன்று உண்டு. அது வேலை செய்வதைவிட ரிப்பேரில் கிடப்பது அதிகம்.

அமெரிக்கனிடம் நல்ல குணம் இல்லை என்று பன்னீர்செல்வம் சொல்ல மாட்டார். மற்ற டீசல் இன்ஜின்களின் பிஸ்டன் ஒரு வெடிப்புக்காக இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்க வேண்டும். இதற்கு ஒரு ஏற்றம், ஒரு இறக்கம் போதும். ஒவ்வொரு சுற்றுக்கும் உழைப்பு உண்டு. ஆளோ சிறிசு, இழுப்போ யானை இழுப்பு. தண்ணீர் கலந்த டீசலை ஊற்றினாலும் முகம் சுளிக்காது. ஒருமுறை புதிதாக வேறு இன்ஜின் வாங்கி வைத்தார்கள். இரண்டு மழைக்காலம் தாங்காமல் அது பழைய இரும்புக்குப் போனது. அமெரிக்கன் அப்படியே இருந்தது.

குறைகளில் பாதியை வாசலிலேயே தெரிந்துகொள்ளலாம். காது கிழியும் சத்தம், நீலப் புகை, எங்கே தொட்டாலும் எண்ணெய்ப் பிசுக்கு. மீதிப் பாதி உள்ளே இருக்கிறது. இந்த இன்ஜினுக்குத் தானாகக் காற்றை உறிஞ்சத் தெரியாது. பக்கத்தில் ப்ளோயர் ஒன்று சுற்றிக் காற்றை உள்ளே தள்ளும். அந்த ப்ளோயரில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் தேய்ந்தால், உள்ளே மசகுக்காக ஊற்றிய எண்ணெய் காற்றோடு சேர்ந்து போக ஆரம்பிக்கும். அதுவும் டீசலைப் போலவே எரியும். பிறகு டீசலை அடைத்தாலும் இன்ஜின் நிற்காது. தன் வயிற்று எண்ணெயையே குடித்துக்கொண்டு வேகம் ஏறிக்கொண்டே போகும், எண்ணெய் தீரும்வரை, இல்லையென்றால் உடம்பு சிதறும்வரை. அதை நிறுத்த ஒரே வழி மூச்சை அடைப்பது. அதற்காகக் காற்றுக் குழாய்க்குள் ஓர் இரும்பு மூடி உண்டு. வெளியே இருக்கும் கொக்கியைத் தட்டினால் ஸ்பிரிங் விசையில் படாரென்று மூடும்.

பன்னீர்செல்வத்தின் கை எப்போதும் அந்தக் கொக்கியின் மேல்தான் இருந்தது.

பக்கத்துப் பட்டறையில் இதே மாதிரி ஒரு இன்ஜின் ஒருநாள் வெறி பிடித்து ஓடியதை அவர் வேலைக்குச் சேர்ந்த அந்த முதல் மாதத்தில் பார்த்திருந்தார். ஓட்டிக்கொண்டிருந்த அர்ஜுனன் வெளியே ஓடிவிட்டான். கொஞ்ச நேரத்தில் இரும்புத் துண்டு ஒன்று தகரக் கூரையைப் பொத்துக்கொண்டு போய் ஆற்றில் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அர்ஜுனன் அதற்குப் பிறகு எங்கே போனாலும், "எங்கே ஓடறே?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவன் ஊரைவிட்டே போனான். இரும்புத் துண்டை நினைத்து ஒரு பயம், அந்தச் சிரிப்பை நினைத்து இன்னொரு பயம். இரண்டையும் பன்னீர்செல்வம் யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டில் மட்டும் அது ஒளிந்துகொள்ளத் தெரியாமல் வெளியே வரும். மனைவி அன்னம் மிக்ஸி போட்டால் இவர் பிளக் பக்கத்தில் போய் நிற்பார்.

"சட்னிதாங்க அரைக்கிறேன், கப்பலா ஓட்டுறேன்?" என்பாள் அன்னம்.

மகள் ஸ்னேகா கல்லூரியில் படிக்கிறாள். ஒருநாள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். "அப்பா, இதுக்கு ரன்அவேன்னு பேரு. பாரேன், எப்படி வெடிக்குது." அவர் பாதிவரை பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். "நம்மளது அப்படிப் பண்ணாது. மூடி இருக்கு," என்றார். வாரத்துக்கு ஒருமுறை இன்ஜினை அந்த மூடியாலேயே நிறுத்திப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் படாரென்று விழும். அந்தச் சத்தம்தான் அவருக்கு அந்த வாரத்தின் தூக்கம்.

இந்த வருஷம் விஸ்வகர்மா பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் வழக்கம்போல இன்ஜினுக்குப் பெயின்ட் அடித்தார்கள். கிடர்பூரில் அன்றைக்குப் பெயின்ட் படாத இயந்திரம் கிடையாது. லாரி, லேத், தையல் மிஷின் எல்லாம் பளபளவென்று மாறிவிடும். இன்ஜினின் உடம்புக்கு நிமாய்-தா பச்சை அடித்தார். நிமாய்-தா, அதாவது வங்காளத்தில் நிமாய் அண்ணன், பம்புக்கு உதவியாள். அமெரிக்கனின் ஊளையைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது ஏறக்குறைய போய்விட்டது. காற்றுக் குழாயையும் கொக்கியையும் மட்டும் பன்னீர்செல்வம் யாருக்கும் விடவில்லை. தன்னைக் காப்பாற்றுகிற சாமான் ஆயிற்றே. பழைய வருஷங்களின் வெள்ளிப் பூச்சின் மேல் சிவப்பு எனாமலை இரண்டு கோட்டாக, மூடியின் அச்சு, ஸ்பிரிங், இடுக்கு என்று ஓர் இடம் விடாமல், ஆசையாகப் பூசினார்.

பூஜையன்று இயந்திரத்தை இயக்கக் கூடாது. கொக்கியைத் தட்டிப் பார்க்கலாமா என்று நினைத்தவர், குங்குமமும் சாமந்தி மாலையுமாக இருந்த இன்ஜினைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு தேக்குப் பலகையின் மேல் முழங்கை உயரக் களிமண் விஸ்வகர்மா, யானை வாகனத்தோடு உட்கார்ந்திருந்தார். வெளியே வானம் முழுக்க, அந்தப் பூஜையன்று ஊரே விடுகிற பட்டம். கிச்சடி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கலைந்தார்கள்.

மறுநாள் காலை சௌந்தரராஜன் பம்ப் ஹவுஸ் வாசலில் வந்து நின்றார். "பன்னீரு, கரண்ட் பம்ப் மறுபடியும் படுத்துடுத்து. பார்ஜ் படகு தொட்டிக்குள்ள வந்து நிக்கறது. அமெரிக்கனைக் கிளப்பிடு."

"சாமி இன்னும் கரைக்கல சார். சாயங்காலம்தானே?"

"பூஜை நேத்தோட முடிஞ்சுடுத்தே. அவர் ஓரமா உட்கார்ந்து பார்த்துண்டு இருக்கட்டும்."

"அந்த ப்ளோயர் சீலு தேஞ்சு போயிருக்கே சார், புதுசு..."

"அதை எங்கேன்னு தேடறது? அமெரிக்காக்காரனே மறந்துட்டான்யா. உன் கை பட்டா ஓடும், போ."

பம்ப் ஹவுஸ் தரைக்குப் பாதி கீழே இருக்கிறது. உள்ளே போக ஒரே ஏணி. இன்ஜினுக்கும் கீழே, பம்பு இருக்கும் குழி. பன்னீர்செல்வம் அவசரத்தில் நேராக இன்ஜினைக் கிளப்பினார். பம்போடு இணைக்கும் கிளட்சைப் போடாமல், சூடேறட்டும் என்று சும்மா ஓடவிட்டார். நிமாய்-தா, பம்பின் வாயில் சிக்கியிருந்த ஆகாயத்தாமரையைப் பிடுங்குவதற்காகக் குழிக்குள் இறங்கினார். எப்போதும் அப்படித்தான் செய்வார்கள்.

கொஞ்ச நேரம் சரியாகத்தான் ஓடியது. பிறகு யாரும் தொடாமலேயே சத்தம் ஒரு படி ஏறியது.

பன்னீர்செல்வம் டீசலைக் குறைத்தார். சத்தம் இன்னொரு படி ஏறியது. டீசலை முழுதாக அடைத்தார். இன்னும் ஏறியது. புகைக் குழாயிலிருந்து நீலமாக இல்லை, வெள்ளையாகப் பொங்கி வந்தது. இருபது வருஷமாகக் கனவில் கேட்ட சத்தம் அது. கனவில் கொஞ்சம் சின்னதாகத்தான் கேட்டிருந்தார் என்று இப்போது தெரிந்தது.

கொக்கியைத் தட்டினார்.

மூடி விழவில்லை.

மறுபடி தட்டினார். கொக்கி விலகித்தான் இருந்தது. மூடியின் அச்சைச் சுற்றி, இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு, அவர் பூசிய சிவப்பு எனாமல் கண்ணாடிபோல மின்னியது. விரலால் பிடித்து இழுத்தார். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

தரை அதிர்ந்தது. சாமந்தி மாலை ஆடி ஆடி அறுந்து விழுந்தது. அவருடைய கால்கள் தாமாகவே ஏணிப் பக்கம் திரும்பிவிட்டன. முதல் படியில் கை வைத்த பிறகுதான் குழி ஞாபகம் வந்தது.

"நிமாய்-தா! மேலே வாங்க!"

தன் குரல் தனக்கே கேட்கவில்லை. நிமாய்-தாவுக்கு எப்படிக் கேட்கும்? எட்டிப் பார்த்தார். அதிர்வுக்கெல்லாம் பழகிப்போன நரைத்த தலை குனிந்திருந்தது. இரண்டு கைகளும் பம்பின் வாய்க்குள் தோள்வரை போயிருந்தன. கிளட்சைப் போட்டுப் பம்பை இழுக்கவிட்டால், பாரத்தில் இன்ஜின் திணறி நின்றாலும் நிற்கும். ஆனால் அந்தக் கைகள் இருக்காது. கிளட்ச் கம்பியின் பக்கம் போன கை அப்படியே நின்றது.

ஏணி இரண்டு எட்டுத் தூரத்தில் இருந்தது. வெளியே வெயில் தெரிந்தது. போய்விடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள், சிரிக்கத்தான் செய்வார்கள் என்று ஒரு நினைப்பு மிகத் தெளிவாக வந்தது. ஸ்னேகாவின் போனில் பாதியில் கவிழ்த்து வைத்த வீடியோவின் மீதி எப்படியிருக்கும் என்று இன்னொரு நினைப்பு.

காற்றுக் குழாயின் வாய் சாப்பாட்டுத் தட்டு அளவு. துணியை வைத்தால் உறிஞ்சிவிடும். கையை வைத்தால் கையைப் பிடித்துக்கொள்ளும். சுற்றிலும் பார்த்தார். பெயின்ட் டப்பா, மாலை, ஊதுபத்தி ஸ்டாண்டு. விஸ்வகர்மா. விஸ்வகர்மாவுக்குக் கீழே தேக்குப் பலகை.

அவர் வேண்டிக்கொள்ளவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பலகையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். சாமி குப்புற விழுந்து யானையின் தும்பிக்கை உடைந்து உருண்டது. பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குழாயின் வாய்மேல் சாய்ந்தார். அது பலகையை அவர் கையிலிருந்து பறித்துத் தன்மேல் ஒட்டிக்கொண்டது. ஓர் ஓரத்தில் இடைவெளி விசிலடித்தது. அங்கே தோளை வைத்து அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

இன்ஜின் இருமியது. ஒருமுறை முழுசாக உதறியது. பிறகு நின்றது.

அந்த அமைதியில் முதலில் கேட்டது நிமாய்-தாவின் குரல். காது கேளாதவர்கள் பேசுகிற அந்தப் பெரிய வங்காளக் குரல்.

"ஏன் நிறுத்தினே? இன்னும் பாதி பிடுங்கலையே." குழியிலிருந்து தலையை நீட்டியவர் கீழே கிடந்த சாமியைப் பார்த்தார். "ஐயையோ, தாகுர் சாமியை யார் தள்ளினா? சாயங்காலம்தானே கரைக்கணும்?"

பலகையிலிருந்து தோளை எடுக்கப் பன்னீர்செல்வத்தின் உடம்பு சம்மதிக்கவில்லை. நிமாய்-தா வெள்ளைப் புகையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், அசையாமல் நின்ற சிவப்பு மூடியைப் பார்த்தார். கையிலிருந்த ஆகாயத்தாமரையை மெல்லக் கீழே போட்டார்.

சௌந்தரராஜன் மூச்சிரைக்க ஓடி வந்தார். விஷயம் புரிந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை, நீ இருந்தே. மூடியைச் சுரண்டிட்டு மத்தியானமா மறுபடி கிளப்பிப் பாரேன். பார்ஜ்காரன் கத்தறான்," என்றார்.

"மாட்டேன் சார்."

"என்னது?"

"எனக்குப் பயமா இருக்கு சார். இன்னிக்கு மட்டும் இல்ல. சேர்ந்ததுலேர்ந்தே இதக் கண்டா பயந்தான். சீலு மாத்தாம இனிமே கிளப்ப மாட்டேன். கிளப்பறப்ப குழியில யாரையும் விடவும் மாட்டேன்."

சௌந்தரராஜன் சிரிக்க வாயெடுத்தார். பன்னீர்செல்வத்தின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. "நீயேவா பயப்படறே?" என்றார். பிறகு இன்ஜினிடமிருந்து ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படி நகர்ந்ததில்லை. "சரி. வாடகைக்குப் பம்ப் கிடைக்குமான்னு போன் பண்ணிப் பார்க்கறேன்," என்று ஏணியில் ஏறினார்.

அவர்கள் பேசிய தமிழ் நிமாய்-தாவுக்குத் தெரியாது. தெரிந்தாலும் கேட்டிருக்காது.

"பயமா இருக்குன்னு சொன்னியா?" என்றார்.

பன்னீர்செல்வம் திடுக்கிட்டுத் தலையாட்டினார்.

"எனக்குத் தெரியும். பயமில்லாதவன் எப்பவாவது உட்காருவான்." சுவரோரம் பெயின்ட் டப்பாக்களைச் சுமந்துகொண்டிருந்த பழைய ஸ்டூலைக் காலி செய்து இழுத்துப் போட்டார். "என்னிக்கோ உனக்காகத்தான் கொண்டாந்தேன் இதை. இப்பவாவது உட்காரு. என் கையைப் பார், ரெண்டும் இருக்கு."

பன்னீர்செல்வம் உட்கார்ந்தார். ஆறிக்கொண்டிருந்த இரும்பு எங்கேயோ டிக் டிக் என்றது. ஒவ்வொரு டிக்குக்கும் அவர் நிமிர்ந்து பார்த்தார். நிமாய்-தா தரையில் மண்டியிட்டு உடைந்த தும்பிக்கையைத் தேடிக்கொண்டிருந்தார். பன்னீர்செல்வம் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து, ஸ்டூலை இன்ஜின் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு, மூடியின் இடுக்கிலிருந்த சிவப்பைச் சுரண்ட ஆரம்பித்தார்.