பழம் உறையும் நேரம்

என் மகள் என்னிடம் வருவது ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை. கோர்ட்டில் நானும் அவள் அப்பாவும் கையெழுத்துப் போட்ட ஏற்பாடு அது. ‘குழந்தை விரும்பினால் இரவு தங்கலாம்’ என்றும் அதில் ஒரு வரி உண்டு. அந்த வரியை எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒன்றரை வருடத்தில் குழந்தை ஒரு முறைகூட விரும்பவில்லை.

அவர்கள் ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். அவருக்கு அங்கே ஃபாக்டரியில் வேலை. நான் மண்ணூர்பேட்டையில், மாடியில் ஓர் அறையும் சமையலறையுமாக ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிக்க வேண்டும். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் குடும்பம் நடத்தினால் இப்படித்தான் போகும் என்று அவர் அக்கா ஒரு முறை என் காதுபடச் சொன்னார். நானும் சும்மா இருக்கவில்லை, பதிலுக்கு இரண்டு மடங்காகக் கொடுத்தேன். என் வாய் எனக்குச் சம்பாதித்துக் கொடுத்ததெல்லாம் இந்த மாடி அறைதான்.

யாரோடு இருக்க விருப்பம் என்று கோர்ட்டில் கேட்டபோது என் மகள் தரையைப் பார்த்துக்கொண்டு, “அங்க ஸ்கூல் பக்கத்துல இருக்குல்ல” என்று சொன்னாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு பல மாதங்கள் அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஆரம்பத்தில் அந்த நான்கு மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. நான் விடியற்காலையிலேயே எழுந்து பிரியாணி செய்து, வடை சுட்டு, கேசரி கிண்டி வைத்துவிடுவேன். அவள் வந்ததும் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று நினைப்பு. எல்லாம் தயாராக இருந்ததால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அவள் கொஞ்சம் கொறித்துவிட்டு என் போனை வாங்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள். பள்ளியைப் பற்றிக் கேட்டால் “ம்” என்பாள். தோழிகளைப் பற்றிக் கேட்டால் அதற்கும் ஒரு “ம்”. ஒன்றரை மணிக்கே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள்.

அப்படி ஒரு ஞாயிறன்றுதான் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒருத்தி வாழைப்பழத்தைப் பாதியாக வெட்டி, ஐஸ் குச்சி செருகி, சாக்லேட்டில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். “நாமளும் இத பண்ணலாமாம்மா?” என்றாள். அவளாக என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. இறங்கி ஓடினேன். தெருமுனையில் வாழைப்பழம் கிடைத்தது. சாக்லேட்டுக்குக் குழந்தைகள் வாங்கும் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகக் கடையில் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன்.

அன்று செய்தது பெரிய கூத்து. சாக்லேட்டை நேரடியாக வாணலியில் போட்டு உருக்கினேன். கட்டியாகிவிட்டதே என்று ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினேன். அவ்வளவுதான், மொத்தமும் இறுகி மண்ணாங்கட்டி போல ஆகிவிட்டது. அதையும் விடாமல் பழத்தின் மேல் அப்பினால், பழம் ஈரமாக இருந்ததால் அத்தனையும் வழுக்கிக்கொண்டு தட்டில் விழுந்தது. நாங்கள் இருவரும் அதை ஸ்பூனால் வழித்துச் சாப்பிட்டோம். மூக்கில் சாக்லேட்டோடு அவள் சிரித்தாள். அவள் போன பிறகு அந்தத் தட்டைக் கழுவ எனக்கு மனசே வரவில்லை.

அடுத்த முறைக்குள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். பூந்தமல்லியில் கேக் சாமான் விற்கும் கடை ஒன்று இருப்பதாகக் கம்பெனியில் சொன்னார்கள். மெட்ரோ வேலையில் பஸ் ஊர்ந்து ஊர்ந்துதான் போனது, ஆனாலும் போய்ச் செங்கல் மாதிரி ஒரு சாக்லேட் கட்டியும் ஒரு கட்டுக் குச்சியும் வாங்கி வந்தேன். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து, ஆவியில்தான் உருக்க வேண்டும். ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டால் இளகி ஓடும், பழத்தின் மேல் மெல்லிசாக ஏறும், கடித்தால் மொறுக்கென்று உடையும். ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. பழத்தைத் துடைக்கக் கம்பெனியிலிருந்து வெட்டுத்துணி கொண்டுவந்தேன். தட்டில் ஒட்டாமல் இருக்கப் பால் பாக்கெட் கவரைக் கழுவி வெட்டி விரித்தேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம், சாக்லேட்டில் முக்குவதற்கு முன்பே பழம் கல்லாக உறைந்திருக்க வேண்டும். என்னிடம் இருந்தது யாரோ விற்றுவிட்டுப் போன ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். மேலே சின்னதாக ஃப்ரீசர், அதிலும் பாதியைப் பனிக்கட்டி அடைத்துக்கொண்டிருக்கும். காலையில் வைத்த பழம் அதில் உறையச் சாயங்காலம் ஆகிவிடும். என் மகளுக்கு இருந்ததோ நான்கு மணி நேரம்.

“ராத்திரி இருந்தீன்னா ஆயிடும்” என்றேன், ஃப்ரீசருக்குள் தட்டைச் சரியாக வைப்பது போல முகத்தை உள்ளே வைத்துக்கொண்டு.

“வேணாம்மா. அடுத்த வாட்டி வந்து பண்றேன். எடுத்துறாத” என்றாள்.

எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் அவள் போன பிறகு ஃப்ரீசரைத் திறந்து பார்த்தேன். எட்டுக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் செருகியதால் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அடுத்த வாட்டி வருவேன் என்று அவள் வாயால் சொல்லியிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு அதுவே எங்கள் வழக்கமானது. வந்ததும் போன தடவை உறைய வைத்ததை எடுத்துச் சாக்லேட்டில் முக்குவாள், வறுத்த வேர்க்கடலைத் தூளில் புரட்டுவாள், சாப்பிடுவாள். பிறகு அடுத்த தடவைக்கான பழத்தை வெட்டி உள்ளே வைப்பாள். வாழைப்பழத்திலிருந்து திராட்சை, மாம்பழத் துண்டு என்று போனோம். அன்னாசி மட்டும் சரிப்படவில்லை. கை வேலையாக இருக்கும்போது பேச்சு தானாக வந்தது. கிளாஸில் பக்கத்தில் உட்கார்கிறவள் இவளுடைய ரப்பரைத் திருடிய கதையை மூன்று ஞாயிறுகள் தொடர்ந்து சொன்னாள்.

ஒரு நாள் கேட்டாள், “நீயே முந்தின நாள் வெச்சிருக்கலாம்ல? நான் வந்ததும் எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ணிடலாமே?”

“நேத்தே வெச்சா கறுத்துப் போயிடும்டி” என்றேன். பதினைந்து நாள் கறுக்காத பழம் ஒரு நாளில் எப்படிக் கறுக்கும் என்று அவள் கேட்கவில்லை. குழந்தையிடம் வாய் கூசாமல் பொய் சொன்னேன். நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடாத ஒரு காரியம் எனக்கு வேண்டியிருந்தது.

நடுவில் வரும் அந்தப் பதின்மூன்று நாட்கள் எப்படிப் போகும் என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கம்பெனியில் பகல் முழுக்க மிஷின் சத்தத்தில் கத்திப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்தால் பேசுவதற்கு ஆள் இருக்காது. ஒருத்திக்கு ரசம் வைத்தால் மூன்று நாள் வரும். பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கும்போது மேல் கதவையும் ஒரு தடவை திறந்து அந்தக் குச்சிகளைப் பார்ப்பேன். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் பார்க்காமல் படுத்ததில்லை.

இதையெல்லாம் கெடுத்தது என் ரோஷம். ஒரு ஞாயிறு சாக்லேட்டைக் கலக்கிக்கொண்டே அவள் சொன்னாள், “அத்த வீட்டு ஃபிரிட்ஜ்ல வெச்சா ஒன் அவர்ல ஆயிடுதும்மா. பெரிய ஃபிரிட்ஜ். நாங்க போன வாரம் பண்ணோம்.”

அத்தை என்றால் அவர் அக்கா. நான் சொல்லிக்கொடுத்த வேலையை அங்கே போய்ச் செய்திருக்கிறாள், அதுவும் அந்த அம்மாளோடு. எனக்குச் சுருக்கென்றது. குழந்தை குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. தீபாவளி போனஸ் வந்ததும் பழைய ஃபிரிட்ஜைத் தள்ளிவிட்டு இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வாங்கினேன். சீக்கிரம் உறைய வைக்க அதில் தனியாக ஒரு பட்டனே இருந்தது. இரண்டு ஆட்கள் படியில் முட்டி மோதி அதை ஏற்றிக்கொண்டிருக்கும்போது கீழ்வீட்டு அக்கா, வீட்டுக்காரம்மா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னா கண்ணு, நீ ஒரு ஆளு. உனக்கு எதுக்கு இம்மாம் பெரிய பொட்டி? உள்ள போயி குடியிருக்கப் போறியா?”

“எம் பொண்ணுக்குக்கா” என்றேன்.

“அது பாஞ்சி நாளிக்கு ஒருக்கா வந்துகினு போவுது” என்றார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது.

அந்த ஞாயிறு என் மகள் அசந்துபோனாள். ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடினாள். பழத்தை வில்லை வில்லையாக வெட்டி வைத்தோம். அவள் அரைமணிக்கு ஒரு தடவை தட்டிப் பார்த்தாள். பதினொன்றரைக்கெல்லாம் கல்லாகிவிட்டது. சாக்லேட்டில் முக்கிய கையோடு இறுகிக்கொண்டது. பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்து, மிச்சத்தை டப்பாவில் போட்டு அப்பாவுக்கென்று எடுத்து வைத்தாள். பிறகு போனைக் கேட்டாள். சுவரோரம் போய் உட்கார்ந்தாள். நான் துடைத்த மேடையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு அவள் போன பிறகு மேல் கதவைத் திறந்தேன். உள்ளே வெறும் வெளிச்சம்தான் இருந்தது. என் கையாலேயே அதைக் காலி செய்துகொண்டேனே என்று அன்றைக்கு நன்றாக அழுதேன்.

அடுத்த முறைக்கு இரண்டு நாள் முன்பு அவளே போன் செய்தாள்.

“அம்மா, புது ஃபிரிட்ஜ்ல சீக்கிரம் ஆயிடுதுல்ல? அப்ப நான் பன்னெண்டு மணிக்கு வந்தா போதும்ல? காலையில டான்ஸ் பிராக்டிஸ் இருக்கு.”

எப்போதும் போல ஏதாவது ஒரு பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். பலாச்சுளை வாங்கி வைத்திருக்கிறேன், அதற்கு நேரமாகும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வந்தது வேறு.

“போதாது. எனக்கு பத்து மணிக்கே நீ வேணும். பழமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ சும்மா வா.”

“சும்மாவா?” என்றாள். பிறகு, “அப்பாகிட்ட கேக்கறேன்” என்று வைத்துவிட்டாள்.

ஞாயிறன்று பத்து மணிக்கு வந்தாள். டீச்சரிடம் கேட்டு டான்ஸ் பிராக்டிஸை விடியற்காலை பேட்ச்சுக்கு மாற்றிக்கொண்டாளாம், அது முடிந்து நேராக வந்திருந்தாள். சொன்னது போலவே நான் ஒன்றும் வாங்கி வைக்கவில்லை. அவள் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். தோசை சுட்டுக் கொடுத்தேன், சாப்பிட்டாள். டான்ஸில் எத்தனை பேர் என்று கேட்டேன், பன்னிரண்டு பேர் என்றாள். அதற்குப் பிறகு என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. நான்கு மணி நேரத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. இவளைச் சும்மா வா என்று எந்தத் தைரியத்தில் கூப்பிட்டேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

கொஞ்ச நேரம் பாயில் படுத்து என் போனைப் பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். கீரை முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது போன் அவள் வயிற்றின் மேல் கிடந்தது. வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிவிட்டிருந்தாள்.

இந்த வீட்டில் என் மகள் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. போனை மெதுவாக எடுத்தேன். ஃபேனை ஒரு புள்ளி குறைத்தேன். குக்கர் வைத்தால் விசில் அடிக்கும் என்று மதியச் சமையலை விட்டுவிட்டேன். கீழ்வீட்டு அக்கா ஏதோ கேட்க மேலே ஏறி வந்தவர் கதவிடுக்கில் பார்த்துவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. அவளுக்குக் கால் நீளமாக வளர்ந்திருந்தது. பாதம் பாய்க்கு வெளியே தரையில் கிடந்தது. முட்டியில் ஒரு பழைய காயத் தழும்பு இருந்தது, அது எப்போது பட்டதென்று எனக்குத் தெரியாது.

இரண்டு மணிக்கு அவள் அப்பாவின் நம்பரிலிருந்து போன் வந்தது. கீழே வந்துவிட்டால் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், அவள் இறங்கிப் போவாள். ஒன்றரை வருடமாக அப்படித்தான். நானும் அவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் தோளில் கை வைக்கப் போய், கையை எடுத்துக்கொண்டேன். மறுபடி அடித்தது. போனோடு சமையலறைக்குப் போய் எடுத்தேன். அந்த ஆளிடம் எதையும் கேட்பதில்லை என்று சபதம் போட்டிருந்தவள் நான்.

“தூங்கறா” என்றேன். “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே. தயவுசெஞ்சு.”

பின்னால் பைக் இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

“சரி. நான் டீ குடிச்சிட்டு வாரேன்” என்றார்.

திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலையைத் தடவ வேண்டும் போல இருந்தது. தடவினால் எழுந்துவிடுவாள் என்று கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.