ஒரு பெண், இருபத்திரண்டு வீடுகள்

கணக்கெடுப்பு நடக்கும் பிப்ரவரி ஒன்பது முதல் இருபத்தெட்டு வரை ஒருநாள்கூட ஊரில் இல்லாத ஒருவரை அந்த ஊரில் எழுதக் கூடாது. அந்த நாட்களில் அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே எழுத வேண்டும். 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி இது. யாரும் இரண்டு முறை எண்ணப்படக் கூடாது, யாரும் விட்டுப்போகவும் கூடாது என்று படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதியது. இதில் ஒரு சொல்லைக்கூட இன்றைக்கும் நான் மாற்றமாட்டேன். என் குறையெல்லாம், அதை நாங்கள் அத்தனை பேரும் ஒழுங்காகப் பின்பற்றினோம் என்பதுதான்.

அந்த முறை ஜவ்வாது மலையின் ஒரு பகுதிக்கு நான் பொறுப்பு அதிகாரி. அப்போது துணை தாசில்தார். எந்தக் காகிதம் எந்த மேசை வழியாகப் போகும், எந்த மேசையில் படுத்துத் தூங்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எனக்குக் கீழே பள்ளி ஆசிரியர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி எழுதினார்கள். சனிக்கிழமை, இருபத்தெட்டாம் தேதி மாலை, அவர்களில் ஒருவர் தன் படிவக் கட்டை என் மேசைமேல் வைத்துவிட்டு ஓரமாக நின்றார். கண்ணமங்கலத்துக்காரர்; மலைமேல் ஓராசிரியர் பள்ளியில் வேலை. அவருடைய பொறுப்பில் நெல்லிவாசல்நாட்டுக் குக்கிராமம் ஒன்று இருந்தது. அதன் பெயர் வேண்டாம். சொன்னாலும் வரைபடத்தில் கண்டுபிடிக்க முடியாது.

கட்டைப் புரட்டினேன். முதல் வீடு: ஆள் ஒன்று, பெண், விதவை. இரண்டாம் வீடு: ஆள் ஒன்று, பெண், விதவை. மூன்றாவதும் அப்படியே. வேகமாகப் புரட்டினேன். இருபத்திரண்டு வீடு, இருபத்திரண்டு விதவை. ஆண் ஒருவர்கூட இல்லை. குழந்தை ஒன்றுகூட இல்லை. முந்தைய ஆண்டு வீட்டுப் பட்டியல் எடுத்தபோது அதே ஊரில் நூற்றுக்கு மேல் ஆட்கள் இருந்ததாக நானே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தேன். எல்லாப் படிவத்திலும் ஒரே பெயர்தான். அது எனக்கு உறுத்தவில்லை, அந்தப் பக்கத்தில் பாதிப் பெண்களுக்கு அம்மன் பெயர்தான் வைப்பார்கள். வயது மட்டும் நாற்பது, நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு என்று வீட்டுக்கு வீடு மாறியது.

காலராவா? விஷச் சாராயமா? ஓர் ஊரின் ஆண்களும் பிள்ளைகளும் மொத்தமாகச் செத்துப்போய், அந்தச் செய்தி போலீசும் சொல்லாமல், மணியக்காரரும் சொல்லாமல், எனக்கு அச்சடித்த படிவத்தில் வந்து சேர்வதா?

"இன்னாய்யா இது? அந்த ஊர்ல இன்னா நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலைங்க சார்."

"ஆம்பளைங்க எல்லாம் எங்கய்யா?"

"ஊர்ல இல்லைங்க. இல்லாதவங்கள எழுதக் கூடாதுன்னு நீங்கதான சார் பயிற்சில சொன்னீங்க."

"அப்ப இத்தினி விதவைங்க?"

ஆசிரியர் தரையைப் பார்த்தார். "வூட்ல இருந்தவங்கள எழுதினேன் சார்."

மார்ச் ஒன்று முதல் ஐந்து வரை சரிபார்ப்பு நாட்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், விடிந்ததும் ஆசிரியரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பாதை முடிந்த இடத்தில் இறங்கி ஒன்றரை மணி நேரம் நடந்தோம். ஊருக்குச் சற்று முன்னால் ஒரு காட்டாறு. அப்போது தண்ணீர் இல்லை, உருண்டைக் கற்கள்தான் கிடந்தன. அதைக் கடந்து மேலேறினால் கூரை வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் முள் கொம்பு ஒன்று குறுக்கே சாத்தியிருந்தது. நாய்கூட இல்லை. ஒரே ஒரு கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

அந்த வீட்டு வாசலில் ஒரு பெண் புளி தட்டிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆசிரியரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இன்னா வாத்தியாரே, மறுபடியும் வந்துட்ட? எல்லா வூடும் எழுதிட்டேன்னு சொன்னியே?"

நான் கேட்டேன்: "இந்த வீட்ல யாரும்மா இருக்காங்க?"

"நான்தான் சாமி கீறேன்."

"பக்கத்து வீட்ல?"

"அதுலயும் நான்தான். நேத்து அங்க இருந்தேன். நாளைக்கு அதோ, அந்தப் பலா மரத்து வூடு."

"மத்தவங்க?"

"காப்பித் தோட்டத்துக்குப் போய்ட்டாங்க. தை பொறந்ததும் லாரி வந்துச்சு, கொழந்தை குட்டி எல்லாத்தையும் இஸ்துகினு ஏறிட்டாங்க. பங்குனி கடைசில வருவாங்க."

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஊர் மொத்தமும் கூலிக்குப் போகும்போது ஒருவரைக் காவலுக்கு விட்டுச் செல்வார்கள். அவர் ஒரே வீட்டில் தங்கக் கூடாது. நாளுக்கு ஒரு வீடாக முறைவைத்து, அந்தந்த வீட்டு அடுப்பை மூட்டி, அங்கேயே பொங்கித் தின்று, அங்கேயே படுக்க வேண்டும். அடுப்பு எரியாத வீடு செத்த வீடு என்பது அவர்கள் சொல்லும் காரணம். கூரையில் புகை ஏறாவிட்டால் கரையானும் எலியும் குடிவந்துவிடும் என்பது எனக்குப் புரிந்த காரணம். அந்த ஆண்டு காவல்முறை இவளுக்கு.

நான் ஆசிரியர் பக்கம் திரும்பினேன்.

"யோவ், ஒரே பொம்பளைன்னு உனக்குத் தெரியலையா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் எழுதினியா?"

"மூணு வாட்டி வந்தேன் சார். ஒவ்வொரு வூட்டாண்டயும் இந்தம்மா ஓடியாந்து அடுப்ப மூட்டிட்டு வாசல்ல குந்திக்கிச்சு. யாரு கீறீங்கன்னு கேட்டா, 'நான்தான்'ன்னு சொல்லுச்சு. தகவல் சொல்றவங்க சொல்றத எழுதணும், வாதாடக் கூடாதுன்னு கையேட்டுலயே போட்டிருக்குதுங்களே?"

"வயசு எப்படிய்யா மாறிச்சு?"

"அதுக்கு வயசு தெரியலைங்க. பாத்து உத்தேசமா போட்டுக்கலாம்னு இருக்குது சார். வெயில் நேரத்துல பாத்தா கொஞ்சம் வயசாத் தெரிஞ்சுது."

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னிய ஒரு வூட்டுல கொமரியாக்கி, இன்னொரு வூட்டுல கெழவியாக்கிட்டியா வாத்தியாரே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருட சர்வீசில் மற்றவர் எழுதியதில் பிழை கண்டுபிடித்தே பேர் வாங்கியவன் நான். இதில் கண்டுபிடிக்க முடியவில்லை. இல்லாதவர்களை எழுதவில்லை, சரி. இருந்தவளை எழுதினார், சரி. சொன்னதைச் சொன்னபடி எழுதினார், அதுவும் சரி. என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: இருபத்தொரு விதவைகளை அடித்துவிட்டு ஒருத்தியை வைத்துக்கொள்வது. ஊரின் ஜனத்தொகை: ஆண் பூஜ்யம், பெண் ஒன்று.

பேனாவைத் திறந்தபோது அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னா சாமி அடிக்கிற?"

விளக்கினேன். அவள் புளிக்கம்பைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணுன்னு எழுதினா நர்சம்மா வருமா?"

எனக்குப் புரியவில்லை. ஆசிரியர்தான் சொன்னார். மலையில் ஒரு துணை சுகாதார நிலையம் வரப்போகிறது. ஒரு நர்சும் அவர் தங்க ஒரு வீடும். காட்டாற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர், இந்தப் பக்கம் இந்த ஊர். இரண்டில் எதற்கு என்பதைக் கணக்கெடுப்பில் வரும் தலை எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்வோம் என்று ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் காப்பித் தோட்டத்துக்குப் போகிறவர்கள் அல்ல.

"போன வருசம் புள்ள வலி எடுத்து எம் பொண்ண டோலி கட்டித் தூக்கினு போனாங்க சாமி," என்றாள். "பாதி வழியிலயே இறக்கிட்டாங்க. அப்புறம் தூக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. இப்ப மருமவ முழுவாம கீது. தோட்டத்துல கீது. நர்சம்மா இங்க வரணும்."

"அவங்களை அங்கே எழுதுவாங்கம்மா. விதி அதுதான்."

"அங்க எழுதினா நர்சம்மா அங்கதான போவும்?"

நான் கையேட்டைப் புரட்டினேன்.

"நீ குந்து. நான் சொல்றேன், எழுதிக்கோ" என்று அவள் முதல் வீட்டிலிருந்து தொடங்கினாள். யார், யாருடைய பெண்டாட்டி, எத்தனை பிள்ளை, எந்தப் பிள்ளை எந்தப் பஞ்சத்தில் பிறந்தது, எது பெருமழைக்கு மறுநாள் பிறந்தது. வீடு வீடாகக் கையை நீட்டிச் சொன்னாள். ஆசிரியர் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டே போனார். நூற்றுப் பதினெட்டுப் பெயர்கள். அந்தப் பெயர்களைப் படிவத்தில் ஏற்றியிருக்கலாம். இன்னொரு பொறுப்பு அதிகாரி ஏற்றியிருப்பார், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். நான் ஏற்றவில்லை. தோட்டத்திலும் எழுதி, இங்கேயும் எழுதினால் இரட்டைப் பதிவு என்று எனக்குத் தெரியும். தெரிந்தது அதிகமாகிவிட்ட மனிதர்களால் வரும் கேடு இப்படித்தான் வரும்.

அதற்குப் பதிலாக முறைப்படி ஒரு கடிதம் எழுதினேன். இன்னின்னார் இந்தத் தேதிகளில் பக்கத்து மாநிலத்துக் காப்பித் தோட்டங்களில் இருக்கிறார்கள், அங்கே எழுதப்பட்டார்களா என்று விசாரித்துத் தெரிவிக்கவும், இல்லையெனில் எம் ஊர்க் கணக்கில் சேர்க்க அனுமதிக்கவும். இணைப்பு: பெயர்ப் பட்டியல். மாவட்டம் வழியாக மாநிலம், மாநிலம் வழியாக இன்னொரு மாநிலம். அந்த வழியைத் தவிர வேறு வழியில் ஒரு காகிதம் நடக்கலாம் என்று நான் நம்பியதில்லை.

அந்த மாதமே நாட்டின் தற்காலிகக் கணக்கு வெளிவந்தது. வானொலி கவலைப்பட்டது. ஜனத்தொகை எதிர்பார்த்ததைவிடப் பெருகிவிட்டதாம். மலையடிவாரத்துச் சுவர்களில் எல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்து, போதும் என்று எழுதியிருந்தார்கள். இத்தனை பெரிய நாட்டில் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் காப்பிக்கும் என்று ஆள் ஏற்றிக்கொண்டு எத்தனை லாரிகள் ஓடிக்கொண்டிருந்திருக்கும், எத்தனை ஊர்களில் ஒற்றை ஆள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்திருப்பார் என்று நான் அப்போதுதான் முதன்முதலாக யோசித்தேன். பெருகிவிட்டார்கள் என்று பயப்படுகிற அளவுக்கு அவர்களை எண்ணத்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

ஆறு மாதத்தில் துணை சுகாதார நிலையங்களின் பட்டியல் வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊருக்கே கிடைத்தது. ஒரு ஆளுக்காக நர்சு போடமுடியாது என்று எவரும் எழுதவில்லை. எழுதத் தேவையே இருக்கவில்லை. நான் முதல் நினைவூட்டு அனுப்பினேன். இரண்டாவது. மூன்றாவது. பிறகு பெயர் குறித்த நேர்முகக் கடிதம்.

மருமகள் அந்தப் பங்குனியில் தோட்டத்துக் கொட்டகையிலேயே பெற்று, பிள்ளையோடு நல்லபடியாகத் திரும்பி வந்தாள் என்று ஆசிரியர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்த ஆண்டு அவள் மறுபடியும் கர்ப்பமானாள். அது அப்போது எனக்குத் தெரியாது. 1983 பொங்கலுக்குப் பிறகு பட்டா விசாரணைக்காக அந்தப் பக்கம் போனவன், ஊருக்கும் போனேன். இந்த முறையும் லாரி வந்து போய்விட்டிருந்தது. காவலுக்கு வேறொருவரின் முறை. அன்றைக்குப் புளி தட்டிக்கொண்டிருந்த பெண்ணும் லாரி ஏறவில்லை. ஒரு சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மருமகள் எங்கேம்மா?"

"ஐப்பசி மழையில போய்ட்டா சாமி."

"நர்சம்மா?"

"நர்சம்மா நல்ல பொண்ணு. சொல்லி அனுப்பிச்சதும் வந்துச்சு. ஆத்துல வெள்ளம். அந்தக் கரையில குடை புடிச்சினு நின்னுச்சு, கையில பை. நாங்க இந்தக் கரையில டோலிய வெச்சினு நின்னோம். கூப்டா காது கேக்கும், அவ்ளோ கிட்ட. இன்னா பண்ணணும்னு அது கத்திக் கத்திச் சொல்லுச்சு. தண்ணி சத்தத்துல பாதிதான் கேட்டுச்சு. பொழுது சாய்ற வரைக்கும் நின்னுச்சு சாமி, போவல."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிட்டு, "நீ எழுதினியே கடுதாசி, அதுக்கு இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"இன்னும் வரலைம்மா."

"வரும், வரும்," என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

வந்தது. ஒன்றரைப் பக்கம், நல்ல தட்டச்சு. பட்டியலில் கண்ட நபர்கள் குறிப்பிட்ட நாட்களில் தோட்டத்துத் தொழிலாளர் கொட்டகைகளில் இருந்தது விசாரணையில் உறுதியாகிறது. அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்றும், சொந்த ஊரில் எழுதப்பட்டிருப்பார்கள் என்றும் தோட்ட நிர்வாகம் தெரிவித்ததை ஏற்று, அங்குள்ள கணக்கெடுப்பாளர் அவர்களை எழுதவில்லை. தகவல் தருபவரோடு வாதிட வேண்டாம் என்ற அறிவுரையை அவர் பின்பற்றியுள்ளதால் அவர்மேல் குறை காண இயலவில்லை. இறுதிக் கணக்கு வெளியாகிவிட்டபடியால் எந்த மாற்றமும் செய்வதற்கில்லை. தங்கள் ஊரைப் பொறுத்தவரை விதி சரியாகவே கடைப்பிடிக்கப்பட்டுள்ளது.

அதை வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக ஓரத்தில் கையெழுத்திட்டு நான் தேதி போட்டது 1983 ஆகஸ்ட் இரண்டு, செவ்வாய்க்கிழமை.