சலவைக்கூடத்து விண்கப்பல்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. பதிப்பகத்தில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது. மேசை மட்டும் கழிப்பறைக் கதவுக்கு நேர் எதிரே. அந்த மேசைக்கு முன்னால்தான் ஒருநாள் கேப்டன் அக்கா வந்து நின்றார். கையில் வெள்ளைப் படுக்கை விரிப்பில் கட்டிய மூட்டை.

"துணியெல்லாம் இங்க வாங்கறதில்லைங்க" என்றேன்.

"துணி இல்ல தம்பி, விண்கப்பல்."

அவர் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இஸ்திரி உருளையை ஓட்டுகிறவர். ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் சூடான உருளைகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் மொடமொடவென்று வந்துவிழும். ஒரு சமயம் துவைக்கிறவர்களுக்கும் மடிக்கிறவர்களுக்கும் முட்டிக்கொண்டு பேச்சே நின்றுபோனதாம். எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஒரு கதையை அவிழ்த்துவிட்டிருக்கிறார். விட்ட இடத்திலிருந்து கேட்க மறுநாளும் வந்துதானே ஆகவேண்டும்? சண்டை மறந்துபோனது, கதை நிற்கவில்லை. அதை அக்கா எழுதிவைத்த தாள்கள்தான் மூட்டைக்குள்.

கூடத்தில் ஒன்பது பேர், கப்பலிலும் ஒன்பது பேர். அக்காதான் கேப்டன்; கூடத்திலும் அதுவே பேராகிவிட்டது. கொதிகலன் பார்க்கிற அண்ணன், கதையில் கோபம் வந்தால் விசிலடிக்கும் மேகம். மடிப்பு அக்காவுக்கு ஆறு கை. ஒருவருக்கு ஆபத்து என்றால் மற்றவர்கள் கப்பலையே திருப்பிவிடுவார்கள், அண்டம் அழிந்தாலும் சரி.

முதலாளி படித்துவிட்டு, "கதை ஓடுது. ஆனா தலகாணி சைஸ்ல இருக்கு. கப்பல்ல மூணு பேர் போதும், மிச்சத்த வெட்டு. இல்லேன்னா திருப்பிக் குடுத்துடு" என்றார்.

எனக்கா சொல்லவேண்டும்? எழுதி அழித்து மறுபடி எழுதலாம் என்று விளம்பரம் செய்யும் பேனா ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதை எடுத்து மேகத்தைக் கலைத்தேன். ஆறு கைகளையும் ஒரே கோட்டில் முடித்தேன். அண்டசராசரமும் என் சட்டைப் பையில் இருப்பதாக ஒரு நினைப்பு.

அக்காவின் சம்மதம் வாங்க, மழையில் பையோடு தாள்களையும் நனைத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் எல்லாரும் இருந்தார்கள். கட்டமைப்பு, கதைமையம் என்று படித்ததையெல்லாம் கொட்டினேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். நான் எங்க?" என்றார் மடிப்பு அக்கா.

"நீங்க... விண்கல் மோதி..."

"ஆறு கைய வெச்சுக்கிட்டு ஒரு கல்லத் தடுக்கத் துப்பில்லையா எனக்கு?"

கொதிகலன் அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "என்னை எப்படிக் கொன்னீங்க தம்பி?"

"காத்தடிச்சுக் கலைஞ்சுடறீங்கண்ணே."

"வலிக்காதுல்ல?"

கேப்டன் அக்கா சாப்பாட்டை மூடி வைத்தார். "அட்டையில என் பேரப் பார்க்கணும்னு கொள்ள ஆசை தம்பி. ஆனா நாளைக்கும் இதே மேசையில இவங்க மூஞ்சில முழிக்கணுமே. ஒருத்தர் போனாலும் புத்தகம் வேணாம்."

"அப்ப புத்தகமே வராதுக்கா" என்றேன் விறைப்பாக. கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தால் மேசையில் தாள்கள் இல்லை.

"நனைஞ்சு கெடந்துச்சுல்ல, பாவமேன்னு உருளையில விட்டு எடுத்துட்டோம்" என்று கொதிகலன் அண்ணன் நீட்டினார். இரண்டு விரிப்புகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். தாள்கள் இளஞ்சூடாக, சுருக்கமில்லாமல் இருந்தன. அக்காவின் பால்பாயின்ட் எழுத்து அப்படியே இருந்தது. என் கோடு ஒன்றுகூட இல்லை. இறந்த ஆறு பேரும் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள்.

சூடு பட்டால் மை மறையும் என்று பேனா அட்டையிலேயே போட்டிருந்தது. பட்டதாரி அட்டையைப் படிக்கவில்லை.

அலுவலகம் திரும்பி மறுபடி வெட்ட உட்கார்ந்தேன். முதல் தடவை அது வெறும் மேகம். இப்போது அது வலிக்குமா என்று கேட்டிருந்தது. பேனா நகரவில்லை. தாள்களைப் புரட்டிக்கொண்டே போனால், மூன்று கிரகப் போர் வந்தது. ஆயுதங்கள், சேனைகள், எதிரி மன்னனின் ஏழு தலைமுறை. கூடத்து ஆட்கள் யாருமே அதில் இல்லை. அக்காவுக்கு போன் போட்டேன்.

"போரா? தாராளமா வெட்டுங்க. பெரிய எழுத்தாளர்னா போரு வேணுமேன்னு சேர்த்தது. அது வந்தா இங்க எல்லாரும் தூங்கிடுவாங்க" என்று சிரித்தார்.

இளைத்துப்போன கையெழுத்துப் பிரதியை முதலாளி கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "மூணு பேருன்னு சொன்னேனே?"

"பக்கம்தான சார் குறையணும்? குறைஞ்சிருக்கு."

முறைத்தார். பிறகு அச்சுக்கு அனுப்பினார்.

பிழை திருத்த அக்காவிடம் போன மெய்ப்புத் தாள்களில் அவர் புதிதாக ஒரு வேற்றுக்கிரகவாசியைச் சேர்த்திருந்தார். நீளக் கழுத்து, குனிந்து பார்க்க வராது. வாய் திறந்தாலே "நான் படித்த கிரகத்தில்" என்றுதான் ஆரம்பிக்கும். அது போடும் கோடெல்லாம் வெயில் பட்டதும் மறைந்துபோகும். வெட்டும் அதிகாரம் என்னிடம் இருந்தது. கமா மட்டும் திருத்தினேன்.

புத்தகம் வந்து சுமாராக விற்றது. கேப்டன் அக்கா இன்றும் அதே உருளையைத்தான் ஓட்டுகிறார். மதியங்களில் இரண்டாம் பாகம் போகிறது. ஒன்பது பேரும் உயிரோடு இருக்கிறார்கள். கழுத்து நீண்டவனைப் பற்றிக் கேட்டால் மட்டும், "பார்க்கலாம் தம்பி" என்கிறார்.