துரையின் காருக்குக் கம்பெனி தேடியது

ஹந்தானைத் தோட்டத்து ஆபீசில் நான் இரண்டாம் கிளாக்கராக இருந்தபோது எங்கள் துரை சீமைக்கே திரும்பிப் போவதென்று முடிவு செய்தார். தேயிலை விலை விழுந்து, தோட்டம் கைமாறப் போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்த காலம். வரப்போகும் துரை தன்னுடைய கிளாக்கரைக் கையோடு கூட்டி வருவார் என்றும் பேச்சு அடிபட்டது. எனக்கு மனைவியும் மூன்று வயது மகளும் இருந்தார்கள். வேறு போக்கிடம் இல்லை.

துரை தளபாடங்களை விற்றார். இரண்டு நாய்களையும் பங்களாவுக்குப் பின்னால் கட்டி வைத்துத் தன் கையாலேயே சுட்டார். இன்னொருவன் கையில் அவை கெட்டுப்போகக் கூடாதாம். காரை மட்டும் விட்டுப்போக மனமில்லை. கரும்பச்சை நிறத்தில், நீண்ட மூக்கும் தவிட்டு நிறத் தோல் ஆசனங்களுமாக இருந்த அந்தக் காரைப் போல் இன்னொன்று கண்டி முழுவதிலும் இல்லை. அதன் விலைக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் அத்தனையையும் இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்று பெரிய கிளாக்கர் ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

காரைக் கப்பலில் அனுப்ப நல்ல கம்பெனி பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. பெரிய கிளாக்கருக்கு முழங்கால் வலி. கண்டிக்கு இறங்கி ஏற முடியாது.

"ஒரு கீறல் விழுந்தாலும் உன் தோலை உரித்து அந்த இடத்தில் ஒட்டிவிடுவேன்" என்று துரை ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எட்டு வருஷத்தில் அவர் என்னிடம் நம்பி ஒப்படைத்த முதல் வேலை அதுதான்.

முதலில் குளக்கரைப் பக்கமிருந்த வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போனேன். விறாந்தையில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். பிறகு அச்சடித்த தாளொன்றை நீட்டினார்கள். வழியில் காருக்கு எது நடந்தாலும் கம்பெனி பொறுப்பல்ல என்பதுதான் அதன் சாரம். கொழும்பு வரை ரயிலில் மூடிய பெட்டியா, திறந்த பெட்டியா என்று கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "உன் துரையை வரச் சொல்" என்றார்.

அடுத்து, ரயில்வே குட்செட்டுக்கு எதிரே மாட்டு வண்டிகளும் ஒரு லொறியும் வைத்திருந்த முஸ்லிம் முதலாளியிடம் போனேன். எங்கள் தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளை ஏற்றுபவர் அவர்தான். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, இவ்வளவு பெரிய காரு நாங்க ஏத்தினதில்ல. வாப்பா இருக்கக்கொள்ள பியானோ ஒண்டு ஏத்தினோம். கடுகண்ணாவையில கயிறு அறுந்து விழுந்திட்டு. செய்யத் தெரிஞ்ச மாதிரிப் பொய் சொல்லி உங்கட வேலைய எடுக்க ஏலா."

நேர்மையான மனிதர். அவர் பெயரை அங்கேயே மனப் பட்டியலில் அடித்துவிட்டேன்.

மூன்றாவது, திருகோணமலை வீதியில் புதிதாகத் திறந்திருந்த கம்பெனி. மனேஜர் யாழ்ப்பாணத்தவர். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்கோ, கதிரையில இருங்கோ. தேத்தண்ணி குடிப்பியள்தானே?"

அதுவரை எந்த ஆபீசிலும் எனக்குக் கதிரை கிடைத்ததில்லை. அதற்காக மட்டும் நான் அந்தக் கம்பெனியைப் பிடித்துக்கொள்ளவில்லை. கார் எத்தனை அடி நீளம், எத்தனை அந்தர் பாரம் என்று அவர்தான் கேட்டார். பெற்றோலை முழுக்க இறக்கிவிட வேண்டும் என்றார். சில்லுகள் உருளாமல் கட்டை கொடுத்து, கயிறு வர்ணத்தில் படாமல் சாக்கு சுற்றி, மேலே படங்கு போட்டு மூட வேண்டும் என்றார். கொழும்பில் கம்பெனியின் சொந்தக் கொட்டகையில் பலகைப் பெட்டி அடித்து, கப்பலின் மேல்தட்டில் வைக்காமல் அடிவயிற்றில் இறக்குவார்களாம். குட்செட்டில் அன்று அவருடைய ஆட்கள் ஃபக்டரி இயந்திரம் ஒன்றை ஏற்றினார்கள். நான் போய் நின்று கடைசி முடிச்சு வரை பார்த்தேன். ஒருவரும் சத்தம் போடவில்லை; ஒன்றும் இடிபடவில்லை.

திரும்பி வந்ததும் மனேஜர் சொன்னார்: "உம்மைப் போல பாத்துப் பாத்துக் கேள்வி கேக்கிற ஆளொண்டு எனக்கு வேணும். இந்தக் கார் அலுவல் எங்களுக்குச் சரிவந்தால், இஞ்ச ஒரு இடம் இருக்கு. வீட்டில கதைச்சுப் பாரும்."

வீட்டில் கதைக்க என்ன இருக்கிறது? கண்டி டவுனில் வேலை, வாடகைக்கு ஒரு வீடு, மகளுக்குக் கான்வென்ட் பள்ளிக்கூடம். ஹந்தானை ஏற்றத்தை அன்று மூச்சு வாங்காமல் ஏறினேன்.

மறுநாள் காலை பங்களாவுக்குப் போய்த் துரையிடம் எல்லாவற்றையும் விவரித்தேன். துரை படிக்கட்டில் நின்றார். கீழே டிரைவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். புசல்லாவைப் பக்கத்து ஆள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆறு வருஷமாக அந்தக் காரை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. ரயில் என்ற சொல் காதில் விழுந்ததும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"தொர, ரயிலு வேணாங்க. இங்க ஏத்தி, அங்க எறக்கி, மறுபடி ஏத்தி, எத்தன கை மாறும்? நானே விடிய எறக்கிக்கிட்டுப் போயி ஹார்பர்ல நிப்பாட்டிர்றேன். பொட்டி அடிக்கிற வரைக்கும் கூட நிக்கிறேங்க. ஒரு தூசி படாது."

துரை காரைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், "இவன் சொல்வதும் சரிதான். காரை இவனுக்குத் தெரிந்த அளவு கம்பெனிக்காரனுக்குத் தெரியுமா? இவனை நம்பலாமா, சொல். நான் இல்லாத நாட்களில் இவன் எப்படி?" என்று கேட்டார்.

டிரைவருக்கு ஆங்கிலம் தெரியாது. தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பது மட்டும் புரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நான் நல்லதாக ஒரு வார்த்தை சொல்வேன் என்று நம்பிய சிரிப்பு.

நம்பக் காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன், துரை குதிரைப் பந்தயம் பார்க்கச் சிநேகிதருடைய காரில் நுவரெலியாவுக்குப் போயிருந்த ஒரு பிற்பகலில், என் மனைவிக்குப் பிரசவ வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன்னால் ஆகாது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். மழை கொட்டியது. டோலி கட்டித் தூக்கிப் போனால் வழியிலேயே உயிர் போய்விடும். நான் கார் கொட்டகைக்கு ஓடினேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன் கம்பளியைப் பின் ஆசனத்தில் விரித்தார். அவளைத் தூக்கிக் கிடத்தவும் கைகொடுத்தார். கண்டி ஆஸ்பத்திரி வரைக்கும், "பயப்படாத தங்கச்சி, இந்தா வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கம்பளியையும் மீறி ஆசனத்தில் இறங்கிய இரத்தத்தை அவரே கழுவித் துடைத்தார். அதன் பிறகு என்னிடமோ வேறு யாரிடமோ அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

இவ்வளவும் எனக்கு அந்தப் படிக்கட்டில் நினைவுக்கு வந்தது. அது வராமல், வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்றால் பொய். காரை இவர் ஓட்டிப் போனால் கைநழுவிப் போகும் திருகோணமலை வீதிக் கதிரையும் நினைவுக்கு வந்தது.

"நம்ப முடியாது, சேர்" என்றேன் ஆங்கிலத்தில். "நீங்கள் ரேசுக்குப் போயிருந்தபோது காரை எடுத்தான். லயத்துப் பெண் ஒருத்தியை, பிரசவ வலியோடு, பின் ஆசனத்தில் ஏற்றிப் போனான்."

துரையின் முகம் மெதுவாகச் சிவந்தது. டிரைவர் பக்கம் திரும்பித் தோட்டத் தமிழில் கேட்டார்.

"டேய். நான் ரேஸ் போன நேரம், என் கார்ல பொம்பள ஏத்தினது நீ?"

டிரைவர் என்னைப் பார்த்தார். சிரிப்பு இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. முகம் அதை எடுக்க மறந்தது போலிருந்தது.

"ஆமாங்க தொர."

"யார் பொம்பள?"

அவர் கண் என் மேலேயே இருந்தது. நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வாயைத் திறந்து ஒரே ஒரு பெயரைச் சொல்லியிருந்தால், நானும் அவரும் ஒன்றாகவே தோட்டத்தைவிட்டு இறங்கியிருப்போம்.

"தெரியலீங்க" என்றார். "யாரோ ஒரு புள்ளத்தாச்சி. சாகக் கெடந்துச்சு."

துரை பின் ஆசனத்தைக் கழற்றி வெளியே எடுக்கச் சொன்னார். பகல் கொழுந்து நிறுக்க வந்த ஆட்களையெல்லாம் பங்களா முற்றத்துக்குக் கூப்பிட்டு வரச் சொன்னார். நூறு பேருக்கு முன்னால் டிரைவர் முழங்காலில் நின்று, தூரிகையும் சவர்க்காரமுமாக ஆசனத்தைத் தேய்த்தார். மூன்று வருஷத்துக்கு முன்பே சுத்தமாகிவிட்ட ஆசனம்! தேய்த்து முடித்தபோதெல்லாம் துரை பிரம்பால் அவர் கழுத்தை அழுத்தி, முகத்தை ஆசனத்தோடு வைத்து, "மோந்து பார். கூலி நாத்தம் போச்சா?" என்று கேட்டார். "போச்சுங்க" என்றால், "பொய்" என்று சொல்லி மறுபடியும் தேய்க்க வைத்தார். கூட்டத்தில் ஒருவர் இருமினார். டிரைவரின் மனைவியும் கொழுந்துக் கூடையோடு அந்தக் கூட்டத்தில் நின்றாள்.

பிற்பகல் துரை என்னைத் தட்டெழுத்து இயந்திரத்தில் உட்கார வைத்தார். டிரைவரை வேலையிலிருந்து நிறுத்திக் கொடுக்கும் பற்றுச்சீட்டில் நடத்தை கெட்டவன் என்று எழுதியாயிற்று. அந்தச் சீட்டோடு போனால் எந்தத் தோட்டத்திலும் வேலை கிடையாது. அது போதாதென்று, அவருடைய லைசன்ஸை ரத்துச் செய்யச் சொல்லிப் பொலிசுக்கு ஒரு கடிதம். துரை சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ஓரிடத்தில் எழுத்துப் பிழை வந்தது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, பிழையில்லாமல் மறுபடி அடித்தேன்.

மூன்றாம் நாள் கம்பெனி அனுப்பிய டிரைவர் வந்து காரை எடுத்தான். பத்திரங்களோடு நான் முன் ஆசனத்தில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் அந்தக் காரில் முன்னால் உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான். இரண்டாவது வளைவு தாண்டியதும், மூட்டை முடிச்சுகளோடு ஒரு குடும்பம் கீழே நடந்து போவது தெரிந்தது. லயக் காம்பராவைக் காலி செய்யக் கொடுத்த தவணை அன்றோடு முடிந்திருந்தது. ஹோர்ன் அடித்ததும் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறக்கிவிட்டு, அவர் விளிம்பில் ஒதுங்கி நின்றார். முந்தைய நாள் மழைச் சேறு டயரிலிருந்து தெறித்து அவருடைய வேட்டியில் விழுந்தது. அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. புதியவன் கியரை மாற்றிய சத்தத்துக்கு மட்டும் முகத்தைச் சுளித்தார்.

அன்று வீட்டுக்குப் போனபோது என் மனைவி வாசலிலேயே நின்றாள். லயத்துப் பேச்சு எல்லாம் அவளுக்கு எட்டியிருந்தது.

"என்னங்க, அண்ணன என்னத்துக்கு அனுப்பிட்டாங்க? என்னய ஏத்திக்கிட்டுப் போனதுக்கா?"

"ஆமா."

"தொரைக்கு யாரு சொன்னது?"

"தெரியல" என்றேன்.

"நீங்க போயி, அது எம் பொஞ்சாதிதான்னு சொல்லியிருக்கலாமே. சொல்லலியா?"

"சொன்னா நம்மளயும் சேத்துத் தொரத்துவான்."

அவள் உள்ளே போய்ச் சோறு போட்டாள். மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது நல்லதென்று அப்போது நினைத்தேன்.

கார் ஒரு கீறலும் இல்லாமல் சீமை போய்ச் சேர்ந்தது. வேலை பிரமாதம் என்று துரை கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். மனேஜர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். சொன்ன சொல் தவறாமல் எனக்கும் மேசை கொடுத்தார். நல்ல மேசை, யன்னலோரம். தூசி படிந்தால் அந்தச் சட்டத்தை முதலில் எனக்குத்தான் துடைக்கத் தோன்றும். கடிதத்தைக் காட்டித்தான் நாங்கள் பல வாடிக்கையாளரைப் பிடித்தோம்.

அடுத்த வருஷம் ஒரு தோட்டத்துக் கொதிகலன் விஷயமாக மனேஜரும் நானும் கம்பெனி லொறியில் புசல்லாவைக்குப் போனோம். கடைவீதிக்கு அப்பால் ரோட்டுக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். வழி விடுவதற்காக லொறி நின்றது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் என் பக்கக் கதவருகே வந்தார். தலை முழுக்கக் கல்தூள். இடது கண் சிவந்து பாதி மூடியிருந்தது. கல் சில்லுப் பட்டிருக்க வேண்டும். குரலைக் கேட்டுத்தான் ஆள் தெரிந்தது.

"ஐயா, சொகமா? புள்ள நல்லா இருக்கா? பள்ளிக்கொடம் போகுதா?"

குத்திக் காட்டினாரா, உண்மையாகவே கேட்டாரா என்று அந்தக் கண்ணை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"ஆர் ஆள்? தெரிஞ்சவரே?" என்று மனேஜர் கேட்டார்.

"இல்லை" என்றேன். "வேலை கேட்டு வருகிறவர்களில் ஒருவன்."

கண்ணாடியை ஏற்றினேன். லொறி நகர்ந்தது. மனேஜர் கொதிகலனின் பாரத்தைப் பற்றிப் பேச்சைத் தொடர்ந்தார். நான் குறித்துக்கொண்டேன்.

புசல்லாவைக்குப் போகிறேன் என்று காலையில் மனைவியிடம் சொல்லியிருந்தேன். மாலை வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அவள் கேட்டாள்.

"அண்ணன் அங்கதான் ரோட்டு வேல செய்யிறதாச் சொன்னாங்க. கண்டீங்களா?"

கண்டேன் என்றேன். அதை மட்டுமாவது மறைக்க வேண்டாமென்று தோன்றியது.

அவள் மகளைப் பார்த்தாள். பிள்ளை சிலேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தது.

"இவளப் பத்திக் கேட்டாரா?"

"இல்ல" என்றேன். "ஒண்ணும் கேக்கல."

அவள் என் சப்பாத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "கேக்க மாட்டாருதான். என்னத்துக்குக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.